கொதிக்கவும் கூடாது, குளிரவும் கூடாது

மலைப்பாதையில் பிரயாணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பாதையோரத்தில் ஒரு மோட்டார் வண்டி நிற்கும். அதன் பானெட் திறந்திருக்கும். உள்ளேயிருந்து ஆவி குபுகுபுவென்று எழுந்துகொண்டிருக்கும். வண்டியோட்டி கையில் ஒரு தகரக் குவளையுடன் நீரைத் தேடிப் போயிருப்பார். இதைக் கண்டவர்கள், மோட்டார் இயந்திரத்துக்குப் பெரும் பகை வெப்பமே என்றும், அதை எவ்வளவுக்கெவ்வளவு குளிர்ச்சியாக வைத்திருக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்றும் எண்ணுவது இயற்கை. இந்த எண்ணம் பாதிதான் உண்மை. மற்றப் பாதியைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன்.

நம் உடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உரிய வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. (இந்தப் பேச்சில் நான் குறிப்பிடும் டிகிரிகள் எல்லாம் சென்டிகிரேடு அளவு.) நாலைந்து டிகிரி ஏறினால் உயிருக்கு ஆபத்து, சில டிகிரி இறங்கினாலும் ஆபத்துத்தான். காய்ச்சல் எப்படி நோயோ, உடல் சில்லிட்டுப் போவதும் அப்படியே நோய். மோட்டார் இயந்திரத்துக்கும் இத்தகைய ஓர் உடல்நிலை உண்டு. பெரும்பாலான வண்டிகளில், இயந்திரத்தைச் சூழ்ந்து ஓடும் நீர் ஏறக்குறைய 85 முதல் 105 டிகிரி வரை இருக்கும்போதே இயந்திரம் நலமாக உழைக்கிறது. இந்தச் சிறிய எல்லையை மனிதன் கண்டறிந்து, அதற்குள் இயந்திரத்தை நிறுத்திவைக்கக் கற்றுக்கொள்வதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த வரலாறு சுவையானது. மாணவர்களுக்குப் பயனுள்ளதும் ஆகும்.

முதலில், வெப்பம் ஏன் வேண்டும் என்பதைப் பார்ப்போம். 1824-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஸாடி கார்னோ ஒரு சிறு நூலை வெளியிட்டார். வெப்பம் வேலையாக மாற வேண்டுமானால் அது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாய வேண்டும். இரண்டுக்கும் இடையே வேற்றுமை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்மை. இதுவே அந்நூலின் சாரம். இயந்திரம் என்பது வெப்பத்தால் வாழும் பிராணி. பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் உள்ள வாயுக்களின் வெப்பம் 2,000 டிகிரிக்கும் மேல் ஏறுகிறது. அந்த வாயுக்களே பிஸ்டனைத் தள்ளி வண்டியை ஓட்டுகின்றன.

ஆனால் இங்கே ஒரு சங்கடம் தோன்றுகிறது. வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1,200 டிகிரியில் உருகிவிடும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகும். உலோகம் உருகுவதற்கு வெகு முன்னதாகவே பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் கருகிப்போகும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தைத் தோராயமாக மூன்று பங்காகப் பிரிக்கலாம். ஒரு பங்கு வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு புகைக் குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு இயந்திரத்தின் உடலிலேயே தங்கிவிடப் பார்க்கிறது. அதை வெளியேற்றாவிட்டால் இயந்திரம் சில நிமிஷங்களில் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

1876-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஓட்டோ நான்கு வீச்சு இயந்திரத்தை ஆக்கினார். அது பட்டறையில் ஓரிடத்தில் நின்று உழைத்த இயந்திரம். பக்கத்தில் ஒரு தொட்டியை வைத்து நீரைப் பாய்ச்சினால் போதும். ஆனால் அதே வகை இயந்திரம் சக்கரங்களின் மேல் ஏறியதும் பிரச்சினை வேறாயிற்று. நின்ற இடத்தில் உள்ள இயந்திரத்துக்கு நீர் வந்து சேரும். ஓடுகின்ற இயந்திரமோ தன் நீரைத் தானே சுமந்து செல்ல வேண்டும். மோட்டார் வண்டியின் வரலாற்றில் பாதி, நீர் சுமக்கும் வரலாறு என்றே நான் சொல்வேன்.

1886-ஆம் ஆண்டு ஜனவரியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அவ்வண்டியில் இயந்திரத்தைக் குளிர்விக்க அவர் கையாண்ட முறை மிக எளிது. சிலிண்டரைச் சுற்றி நீர் இருக்கும், அது கொதிக்கும், ஆவியாகிப் போகும். அவ்வளவுதான். ஒரு லிட்டர் கொதிநீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 540 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே, இது மிகவும் வலிமையான குளிர்விப்பு முறைதான். இதில் இன்னொரு நுட்பமும் மறைந்திருந்தது. திறந்த பாத்திரத்தில் உள்ள நீர் எவ்வளவு தீயிட்டாலும் 100 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. எனவே, பென்ஸின் இயந்திரம் எந்தக் கருவியும் இல்லாமலே ஓர் ஒழுங்கான வெப்ப நிலையில் நின்றது. பின்வந்தவர்கள் பல்லாண்டு முயன்று அடைந்த ஒழுங்கை இயற்கையே முதல் வண்டிக்கு இலவசமாக அளித்திருந்தது.

இலவசம் என்று சொன்னேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை என்ன என்பதை 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு பெண்மணி அறிந்துகொண்டார். கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல், தம் இரண்டு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு வண்டியை ஓட்டிச் சென்றார். தூரம் ஏறக்குறைய 105 கிலோமீட்டர். அவ்வளவு நீண்ட தூரம் அதுவரை யாரும் மோட்டார் வண்டியில் சென்றதில்லை. வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. எரிபொருளைவிட அவர்களை அதிகமாக அலைக்கழித்தது நீரே. கிணறு கண்ட இடத்தில் நிறுத்தினார்கள். விடுதி கண்ட இடத்தில் நிறுத்தினார்கள். கிடைத்த நீரையெல்லாம் இயந்திரத்துக்கு ஊற்றினார்கள். மோட்டார் வண்டியால் நெடுந்தூரம் போக முடியும் என்று அம்மையார் உலகத்துக்குக் காட்டினார். கூடவே, நீருக்காக இப்படி நின்று நின்று போகவேண்டியிருக்கும்வரை அது முழுமையான வாகனம் ஆகாது என்பதும் வெளிப்பட்டது.

நீரை இழக்காமல் குளிர்விப்பது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் தலைசிறந்தவர் வில்ஹெல்ம் மைபாக். அவர் காட்லீப் டைம்லரின் உற்ற துணைவர். 1889-இல் அவ்விருவரும் பாரிஸ் கண்காட்சிக்கு அனுப்பிய வண்டியில், சட்டமாக அமைந்த எஃகுக் குழாய்களுக்குள்ளேயே நீரை ஓடவிட்டார்கள். வண்டியின் எலும்புகளே அதன் இரத்தக் குழாய்களாகவும் அமைந்தன! ஆனால் இயந்திரத்தின் திறன் ஏற ஏற இந்த ஏற்பாடு போதாமற்போயிற்று. வண்டிகள் பெரிய நீர்த்தொட்டிகளைச் சுமக்க நேர்ந்தது. வேகமாக ஓட வேண்டிய வண்டி தண்ணீர் வண்டியாக மாறும் நிலை வந்தது.

அப்போது நீஸ் நகரில் வாழ்ந்த எமில் யெல்லினெக் என்ற வணிகர், இலேசான, தாழ்வான, வேகமான வண்டி ஒன்று வேண்டும் என்று டைம்லர் தொழிற்சாலையை வற்புறுத்தினார். அவருக்காக மைபாக் 1900-ஆம் ஆண்டில் 35 குதிரைத் திறனுள்ள வண்டியை உருவாக்கினார். யெல்லினெக்கின் மகள் பெயரால் அது மெர்ஸிடிஸ் என்று அழைக்கப்பட்டது. அதன் முகப்பில் இருந்தது தேன்கூட்டு ரேடியேட்டர். ஆறு மில்லிமீட்டர் சதுரமுள்ள 8,070 சிறு குழாய்களை நெருக்கமாக அடுக்கி ஒட்டவைத்து மைபாக் அதை அமைத்தார். குழாய்களுக்குள்ளே காற்று பாய்ந்தது. அவற்றுக்கு இடையே உள்ள மெல்லிய சந்துகளில் நீர் ஊர்ந்தது. வண்டி மெதுவாகச் செல்லும்போதும் காற்று குறையாதிருக்கப் பின்னால் ஒரு சிறு விசிறியும் வைத்தார். விளைவு என்ன தெரியுமா? முன்பு 18 லிட்டர் நீர் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 9 லிட்டர் போதுமானதாயிற்று. 1901-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீஸ் நகரப் பந்தயங்களில் இந்த வண்டி மற்றவற்றைப் பின்தள்ளியது. நீரை மிகுதியாகச் சுமப்பதைவிட, இருக்கும் சிறிது நீரைக் காற்றோடு நன்றாக உறவாடச் செய்வதே வழி என்பதை மைபாக் நிலைநாட்டினார். நாம் இன்று காணும் ரேடியேட்டர்கள் எல்லாம் அந்தக் கருத்தின் வழித்தோன்றல்களே.

நீரை ஓடச் செய்வதற்கு எல்லாரும் பம்பை நம்பவில்லை. அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான ஃபோர்டு 'டி' மாடல் வண்டிகளில், தொடக்கத்தில் வந்த சில ஆயிரம் நீங்கலாக, பம்பு கிடையாது. சூடான நீர் இலேசாகி மேலே எழும். ரேடியேட்டரில் குளிர்ந்த நீர் கனமாகிக் கீழே இறங்கும். இதனால் தானே ஒரு சுழற்சி உண்டாகும். சோற்றுப் பானையில் அரிசி மேலும் கீழும் புரள்வதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழுதாவதற்கு உறுப்பு ஏதும் இல்லை என்பது இம்முறையின் சிறப்பு. சுழற்சி மெதுவானது என்பதும், நீர்மட்டம் மேல்குழாய்க்குக் கீழே இறங்கினால் அது அடியோடு நின்றுவிடும் என்பதும் குறைகள்.

இக்காலத்து வண்டியோட்டிக்கு ஒரு கஷ்டம் இருந்தது. இயந்திரத்தின் வெப்பம் எவ்வளவு என்பதை அறிய அவருக்கு வழியில்லை. ஆவி வந்த பிறகே ஆபத்து தெரியும். ஹாரிசன் பாய்ஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற ஒரு கருவி இதற்குப் பரிகாரமாயிற்று. ரேடியேட்டரின் மூடியிலேயே ஒரு வெப்பமானியைப் பொருத்தி, வண்டியோட்டி தம் இருக்கையிலிருந்தே அதைப் பார்க்கும்படி அவர் அமைத்தார். மோட்டோமீட்டர் என்ற இக்கருவி பின்னர் வண்டிகளின் முகப்பு அணியாகவே மாறிற்று. ஒன்றை அளக்கத் தொடங்கிய பிறகுதான் அதை ஆளவும் முடியும். வைத்தியர் வெப்பமானியை நோயாளியின் நாவின்கீழ் வைப்பதுபோல், மனிதன் முதன்முறையாக இயந்திரத்தின் காய்ச்சலை அளந்தான்.

அளந்தபோது எதிர்பாராத ஓர் உண்மையும் வெளிவந்தது. பல வண்டிகள் மிகுந்த சூட்டால் வருந்தவில்லை, குளிரால் வருந்தின! கோடையில் மலையேறும் வண்டிக்குப் போதுமான ரேடியேட்டர், குளிர்கால ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அளவுக்கு மேற்பட்டதாக இருந்தது. அங்கே வண்டியோட்டிகள் ரேடியேட்டரின் முன்னால் போர்வையையும் தோலையும் கட்டி மறைத்துக்கொண்டு ஓட்டினார்கள்.

குளிர் செய்யும் தீங்கு யாது? அது சூட்டைப்போல ஆரவாரம் செய்வதில்லை. கறையானைப்போல உள்ளேயிருந்து அரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. இதைக் கேட்டால் பலர் வியப்படைவார்கள். ஆனால் இரசாயனக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. சிலிண்டர் சுவர் சூடாக இருந்தால் அந்த நீர் ஆவியாகவே புகைக் குழாய் வழியே போய்விடும். சுவர் குளிர்ந்திருந்தால் பனித்துளிபோல அதன்மேல் படியும். எரிபொருளில் உள்ள கந்தகம் முதலியவை அந்த நீரோடு சேர்ந்து அமிலமாகிச் சுவரை அரிக்கும். பெட்ரோலும் முழுமையாக ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகச் சுவரில் வழிந்து எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். கழுவப்பட்ட எண்ணெய் கீழே சேர்ந்து நீர்த்துப்போகும். 1930-களில் பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சிகள் இதைத் தெளிவாக்கின. சிலிண்டர்கள் தேய்வதற்கு உராய்வே முக்கியக் காரணம் என்று அதுவரை கருதியிருந்தார்கள். குளிர்ந்த சுவரில் நிகழும் அரிப்பு அதைவிடக் கொடியது என்பது புலனாயிற்று. நாள் முழுவதும் ஓடும் வாடகை வண்டியின் இயந்திரம், நாளுக்குப் பத்துத் தடவை சிறு தூரம் ஓடி நிற்கும் வண்டியின் இயந்திரத்தைவிட நெடுந்தூரம் உழைப்பதன் இரகசியம் இதுவே.

ஆக, வேண்டியது குளிர்விக்கும் கருவி மட்டும் அன்று. எப்போது குளிர்விக்கக் கூடாது என்று அறியும் கருவியும் வேண்டும். அதுதான் தெர்மோஸ்டாட். முதலில் துருத்திபோன்ற சிறு உலோகப் பெட்டிக்குள் எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்து அதைச் செய்தார்கள். 1930-களில் ஸெர்ஜியஸ் வெர்னே என்பவர் மெழுகைக் கொண்டு அதைச் செய்யும் வழியைக் கண்டார். ஒரு சிறு உலோகக் குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. குறித்த வெப்பத்தில், உதாரணமாக 88 டிகிரியில், அது உருகுகிறது. உருகும்போது விரிந்து ஒரு கம்பியைத் தள்ளுகிறது. கம்பி கதவைத் திறக்கிறது. அதுவரை இயந்திரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த நீர் அப்போதுதான் ரேடியேட்டருக்குச் செல்கிறது. நீர் குளிர்ந்தால் மெழுகு இறுகுகிறது. வில்சுருள் கதவைச் சாத்துகிறது. மின்சாரம் வேண்டாம், காவலாளி வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு பொருள் இயந்திரத்தின் ஆயுளைக் காக்கிறது.

இதனோடு வேறு இரண்டு முன்னேற்றங்களும் சேர்ந்தன. ஒன்று, எதிலீன் கிளைக்கால் என்ற திரவம். 1850-களில் பிரெஞ்சு இரசாயன அறிஞர் வுர்ட்ஸ் முதலில் தயாரித்த இது, 1927 முதல் அமெரிக்காவில் மோட்டார் வண்டிகளுக்காக விற்பனைக்கு வந்தது. நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்து, இரும்பையும் பிளந்துவிடும். கிளைக்காலும் நீரும் சம அளவில் கலந்தால், பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை அது உறைவதில்லை. கொதிக்கும் எல்லையும் சற்று உயர்கிறது. ஆனால் இது கொடிய நஞ்சு என்பதை மறக்கலாகாது. மற்றொன்று, அழுத்த மூடி. உதகமண்டலத்தின் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால், மலையேறும் வண்டிக்கு வழியிலேயே வேலி குறுகுகிறது. மூடியை இறுக்கி, உள்ளே வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் மிகும்படி செய்தால், கடல்மட்டத்தில் நீர் 120 டிகிரி வரை கொதிக்காது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்று எச்சரிப்பதன் காரணமும் இதுவே. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் நீங்குகிறது. உள்ளே அடங்கியிருந்த நீர் ஒரே பாய்ச்சலில் ஆவியாகி முகத்தில் அறைகிறது.

நீரே இல்லாமல் காற்றால் மட்டும் குளிர்வித்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுள் சார்லஸ் கெட்டரிங் புகழ் பெற்றவர். கையால் சுழற்றிக் கிளப்பிய இயந்திரத்தை மின்சாரத்தால் கிளப்ப வழி செய்தவர் அவர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக, செம்புத் தகட்டுச் சிறகுகளைச் சிலிண்டரைச் சுற்றிப் பொருத்தி, காற்றால் குளிரும் செவ்ரலே வண்டியை 1923-இல் அவர் கொணர்ந்தார். செம்பு வார்ப்பிரும்பைவிடப் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும், எண்ணம் தவறன்று. ஆனால் சூடேறியதும் இயந்திரங்கள் திறன் குன்றின. வேறு குறைகளும் தோன்றின. 759 வண்டிகள் உற்பத்தியான நிலையில் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். மனம் நொந்த கெட்டரிங் பதவி விலக விரும்பினார். தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் அவரைத் தடுத்து நிறுத்தினார்.

காற்று முறையே பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டலாகாது. ஃபெர்டினாண்ட் போர்ஷே வகுத்த ஃபோக்ஸ்வாகன் வண்டி காற்றாலேயே குளிர்ந்தது. 2003-ஆம் ஆண்டில் மெக்சிகோவில் அதன் உற்பத்தி நின்றபோது, மொத்தம் இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. அந்த வண்டியிலும் ஒரு தெர்மோஸ்டாட் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் சூடேறும்வரை அது விசிறிக் காற்றை அடைத்துவைத்தது. குளிர்விப்பது நீரானாலும் காற்றானாலும், அளவு காக்கும் காவலன் இன்றியமையாதவன் ஆகிறான்.

இந்த இடத்தில் நம் நாட்டு வழக்கம் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். நம்முடையது வெப்ப நாடு என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் நெடுநாளாக உண்டு. இது அன்பினால் செய்யும் தீமை. நம் கோடையின் 40 டிகிரிகூட இயந்திரத்துக்குக் குளிரே. அதற்கு வேண்டியது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அல்லவா? தெர்மோஸ்டாட் இல்லாத இயந்திரம் சூடேறத் தாமதிக்கிறது; எரிபொருளை விழுங்குகிறது; மெல்ல அரிக்கப்படுகிறது. சில இயந்திரங்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் திரும்பி, முன்னிலும் அதிகமாகக் கொதிக்கவும் கூடும். வண்டி கொதித்தால் காரணம் வேறிடத்தில் இருக்கும். விசிறி வார் தளர்ந்திருக்கலாம், குழாய் கசியலாம், ரேடியேட்டரில் தூசி அடைந்திருக்கலாம். உப்பு நீரை ஊற்றி ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கலாம். காவலாளியை நீக்குவதால் கள்வன் பிடிபடுவதில்லை.

அண்மைக் காலத்து வண்டிகளில் மின்விசிறியும் கணிப்பொறியும் இந்தக் காவலில் சேர்ந்துகொண்டன. சமதரையில் சாவதானமாகப் போகும்போது இயந்திரத்தைச் சற்றுச் சூடாகவும், பாரம் இழுத்து மேடேறும்போது சற்றுக் குளிர்ச்சியாகவும் அவை வைக்கின்றன. மின்சார வண்டி வந்ததும் இந்தக் கதை முடிந்துவிட்டது என்று எண்ணுபவர்கள் உண்டு. கதை முடியவில்லை, எல்லைதான் மாறியது. லித்தியம் பாட்டரிக்கு உகந்த நிலை ஏறக்குறைய 15 முதல் 35 டிகிரி. அதற்கு மேல் சூடேறினால் பாட்டரியின் ஆயுள் குறைகிறது. உறைபனிக் குளிரில் மின்னேற்றினாலோ உள்ளே உலோகப் படலம் படிந்து கேடு விளைகிறது. ஆகவே, எரியாத அந்த வண்டிகள் பலவற்றிலும் திரவம் ஓடுகிறது, ரேடியேட்டர் இருக்கிறது, சில வேளைகளில் குளிர்விக்கவும், சில வேளைகளில் சூடாக்கவும் செய்கிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. மோட்டார் இயந்திரத்தின் வரலாறு அதன் மறுபக்கத்தையும் நமக்குக் கற்பிக்கிறது: அளவுக்குக் குறைந்தாலும் அது நஞ்சே. ஆவியைக் கண்டு அஞ்சிய மனிதன் அந்த அச்சத்தோடு நின்றிருந்தால், இன்னும் பெரிய தொட்டிகளையே கட்டிக்கொண்டிருப்பான். அளந்து பார்த்தான், அதனால் குளிரும் பகை என்று கண்டான். அடுத்த முறை வண்டியில் ஏறும்போது, முன்பலகையில் உள்ள வெப்பமானியின் முள்ளைச் சற்றுக் கவனியுங்கள். அது நடுவில் வந்து அசையாமல் நிற்கும் அந்தச் சாதாரண நிலைக்குப் பின்னால், பெர்த்தா அம்மையார் தேடிய கிணறுகளும், மைபாக்கின் எண்ணாயிரம் குழாய்களும், கெட்டரிங்கின் ஏமாற்றமும், ஒரு துளி மெழுகும் இருக்கின்றன.